மூன்றெழுத்தில் ஒரு வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன்பு, திருவருகைக் காலத்தின் இறுதி வாரத்தில், நம் பங்கு இளைஞர் குடிலுக்கு முன்னே ஒரு பலகையை எழுதி நிறுத்தியிருந்தனர். 'எக்ஸ்மஸ்' வாழ்த்து என்று பெரிய எழுத்துகளில் வரைந்திருந்தார்கள். மூத்த அன்பர் ஒருவருக்குச் சினம் மூண்டது. கிறிஸ்துவின் பெயரை அடித்துவிட்டு அங்கே ஒரு பெருக்கல் குறியைப் போட்டிருக்கிறார்கள் என்று நம்மிடம் முறையிட்டார். அது பெருக்கல் குறியன்று, கிரேக்க மொழியில் கிறிஸ்து என்னும் சொல்லின் முதலெழுத்து என்பதை அவருக்கு விளக்கினோம். தோல் ஏடுகளில் எழுதிய பழங்கால ஆங்கிலத் துறவியரும் இடத்தை மிச்சப்படுத்த அப்படித்தான் சுருக்கி எழுதினர். அவர் ஒருவாறு அமைதியடைந்தார். அப்போது அருகில் நின்ற மறைக்கல்விச் சிறுவன் ஒருவன், "முன்பாதி புரிந்தது, சாமி. பின்னால் இருக்கும் 'மஸ்' என்ன?" என்று கேட்டான்.

எம், ஏ, எஸ் என்னும் அந்த மூன்றெழுத்துகளுக்குள் ஒரு நாட்டின் வரலாறே அடங்கியிருக்கிறது. இலத்தீன் வழிபாட்டின் இறுதியில் குருவானவர், "ஈத்தே, மிஸ்ஸா எஸ்த்" என்று சொல்லி மக்களுக்கு விடைகொடுப்பார். விடைகொடுத்தலைக் குறித்த மிஸ்ஸா என்னும் சொல்லே காலப்போக்கில் வழிபாடு முழுவதற்கும் பெயராயிற்று. பழைய ஆங்கிலம் அதை மாஸ்ஸே என்று ஏற்றது. கிறிஸ்துவின் பிறப்பு நாளில் நிறைவேற்றப்படும் பலி கிறிஸ்துமஸ் ஆனது. அதிதூதர் மிக்கேலுக்குரிய செப்டம்பர் 29 மிக்கேல்மஸ், புனித மார்ட்டினுக்குரிய நவம்பர் 11 மார்ட்டின்மஸ், மாசில்லாக் குழந்தைகளுக்குரிய டிசம்பர் 28 சில்டர்மஸ், ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த பிப்ரவரி 2 கேண்டில்மஸ் என வழங்கின. கடைசியாகச் சொன்னது, மெழுகுதிரிகளை மந்திரித்துப் பவனியாக ஏந்திச் சென்றதால் வந்த பெயர்.

இவ்வெழுத்துகளைக் கண்ட இடமெல்லாம் திருப்பலி என்று எண்ணிவிடவும் கூடாது. தாமஸ் என்பதிலும் அவை உண்டு. ஆனால் அது அரமேய மொழியில் இரட்டையரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இயற்பியல் நூலில் மாணவர் படிக்கும் 'மாஸ்', அதாவது நிறை, இலத்தீனில் பிசைந்த மாவின் உருண்டையைக் குறித்த வேறொரு சொல்லின் வழித்தோன்றல்.

இவற்றுள் நம் உள்ளத்தை மிகவும் ஈர்ப்பது ஆகஸ்டு முதல் நாளுக்குரிய லாமஸ். பழைய ஆங்கிலத்தில் அது 'லாஃப் மாஸ்ஸே', அதாவது அப்பத்தின் திருப்பலி. புதிதாய் அறுத்த கோதுமையை அரைத்துச் சுட்ட முதல் அப்பத்தை அன்று ஆலயத்துக்குக் கொண்டுவந்தனர். பின்னாளில் சொல் தேய்ந்து பொருள் மறைந்தபோது, ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் 'லாம்' என்னும் சொல்லே அதில் உள்ளது என்று சிலர் கருதலாயினர். ஆண்டவரை நாம் ஆங்கிலத்தில் அழைக்கும் 'லார்டு' என்னும் சொல்லிலும் அதே அப்பம் ஒளிந்திருக்கிறது என்பதை வாசக அன்பர்கள் அறிந்தால் வியப்பார்கள். 'அப்பத்தைக் காப்பவன்' என்பதே அதன் பழம்பொருள். லாமஸ் உழவரின் நாளாகவே நிலைத்தது. அறுவடை முடிந்த சில நிலங்களில் அன்று முதல் ஊர் மக்கள் அனைவரும் கால்நடைகளை மேய்க்கலாம்; அவற்றுக்கு லாமஸ் நிலங்கள் என்று பெயர். ஓக் மரம் கோடையின் நடுவில் இரண்டாம் முறை துளிர்ப்பதையும் லாமஸ் துளிர் என்றனர். ஒருபோதும் நடவாத காரியத்தைப் 'பிந்திய லாமஸில்' நடக்கும் என்று கேலி பேசினர். நாம் குதிரைக்கொம்பு என்கிறோமே, அதுபோல!

பதினாறாம் நூற்றாண்டில் அந்நாட்டின் சமயமே மாற்றப்பட்டது. 1548இல் கேண்டில்மஸ் நாளின் மெழுகுதிரிகள் தடைசெய்யப்பட்டன. 1549ஆம் ஆண்டின் செப நூலில் ஓரமாய் நின்ற மாஸ் என்னும் சொல் 1552ஆம் ஆண்டின் பதிப்பிலிருந்து நீக்கப்பட்டது. 1581இல் வந்த சட்டத்தின்படி திருப்பலி நிறைவேற்றியவருக்கு 200 மார்க்கு அபராதம், அதில் பங்கேற்றவருக்கு 100 மார்க்கு. இருவருக்கும் ஓராண்டுச் சிறை. 1585 முதல், வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்று வந்தவர் நாட்டில் இருப்பதே இராசத் துரோகம். அவருக்கு அடைக்கலம் தருவதும் மரணத்துக்குரிய குற்றம்.

யார்க் நகரில் இறைச்சி வணிகர் ஒருவரின் மனைவி மார்கரெட் கிளித்தரோ. கணவர் புதிய சமயத்தைச் சார்ந்தவர். மனைவி கோவிலுக்கு வராமைக்கு விதிக்கப்பட்ட அபராதங்களை அவரே கட்டிவந்தார். அந்த அம்மையாரோ குருக்களுக்கு மறைவிடம் தந்து, திருப்பலிக்குரிய பொருள்களைப் பாதுகாத்தார். பிடிபட்டபோது, குற்றவாளியா இல்லையா என்ற கேள்விக்கு மறுமொழி சொல்ல மறுத்துவிட்டார். விசாரணை நடந்தால் தம் பிள்ளைகளே தமக்கு எதிராகச் சாட்சி சொல்ல நேரிடும் என்பதால்! மறுமொழி சொல்லாதவருக்குச் சட்டம் வைத்திருந்த தண்டனை, உடல்மேல் கதவை வைத்து அதன்மேல் பாரம் ஏற்றி நசுக்குவது. 1586 மார்ச்சு 25 அன்று அவ்வாறே உயிர்நீத்தார். 1970இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைப் புனிதராக அறிவித்தார்.

மார்ட்டின்மஸ் காலத்தில் மாடுகளை வெட்டிக் குளிர்காலத்துக்கு உப்பிட்டு வைப்பது அந்நாட்டு வழக்கம். ஆகவே அந்த இறைச்சிக்கடைத் தெருவில் அப்பெயர் எத்தனை முறை ஒலித்திருக்கும்! திருப்பலிக்காக அந்த அம்மையாரைக் கொன்ற அதே சமுதாயம், திருப்பலியின் பெயரைச் சொல்லித்தான் கணக்கு முடித்தது, கூலியாள் அமர்த்தியது, குத்தகை வாங்கியது. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் நடந்தது இதைவிட விந்தை. இலையுதிர்காலப் பருவத்துக்கு அங்கே மிக்கேல்மஸ் என்று பெயர். இன்றும் அதுவே பெயர். 1581 முதல் 1854 வரை அங்கே சேர்ந்த மாணவர் ஒவ்வொருவரும் 39 சமயக் கூற்றுகளை ஏற்றுக் கையொப்பமிட வேண்டும். அவற்றுள் 31ஆவது கூற்று திருப்பலிகளைக் கட்டுக்கதையென்றும் ஏமாற்றென்றும் இகழ்கிறது. மிக்கேலின் திருப்பலிப் பருவத்தில் நுழைந்து, திருப்பலி பொய் என்று கையொப்பமிட்டனர். இந்த முரண் அவர்களுள் எவருக்கேனும் உறைத்திருக்குமா என்று நாம் எண்ணுவதுண்டு.

தூய்மைவாதிகளுக்கு மட்டும் அது உறைத்தது. அவர்களை நாம் ஒருவகையில் மதிக்கிறோம். சொல்லுக்குப் பொருள் உண்டு என்று நம்பியவர்கள் அவர்களே. அவர்களுள் சிலர் கிறிஸ்துமஸ் என்று உச்சரிக்கவும் கூசி, 'கிறிஸ்து காலம்' என்று பொருள்படும் கிறிஸ்டைடு என்றனர். 1610இல் மேடையேறிய பென் ஜான்சனின் நாடகமொன்று இவ்வழக்கத்தை நையாண்டி செய்கிறது. 1647 சூன் மாதம் நாடாளுமன்றம் விழாவையே ஒழித்தது. அவ்வாண்டு டிசம்பர் 25 அன்று கடைகளைத் திறக்குமாறு கட்டளையிட்டபோது கான்டர்பரி நகர மக்கள் கலகத்தில் இறங்கினர். கடல் கடந்து மாசசூசெட்ஸிலும் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடியவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம். 1660இல் மன்னராட்சி திரும்பியது, விழாவும் திரும்பியது. 'மஸ்' அகலவேயில்லை.

ஸ்காட்லாந்தில் சட்டம் இன்னும் கடுமையாயிருந்தது. 1560இல் அந்நாட்டு நாடாளுமன்றம், திருப்பலியில் மூன்றாம் முறை பிடிபடுவோருக்கு மரண தண்டனை என்றது. ஆயினும் வாடகைக்கும் குத்தகைக்கும் உரிய தவணை நாள்கள் கேண்டில்மஸ், லாமஸ், மார்ட்டின்மஸ் என்றே வழங்கிவந்தன. 1990இல் இயற்றப்பட்ட சட்டம் அத்தவணைகளை முறையே பிப்ரவரி, ஆகஸ்டு, நவம்பர் மாதங்களின் 28ஆம் நாளுக்கு மாற்றியது, பெயர்களை மாற்றவில்லை.

இவற்றில் பாதியைத்தான் அன்று அச்சிறுவனிடம் சொன்னோம். "அப்படியானால் நாம் முன்பு என்ன சொன்னோம்?" என்று அடுத்த கேள்வியைப் போட்டான். திருப்பலியை நம் பாட்டன்மார் பூசை என்றார்கள். இலங்கைத் தமிழரோ போர்த்துக்கீசியரின் நத்தால் என்னும் சொல்லைத் தமதாக்கி, கிறிஸ்து பிறப்பு விழாவை இன்றும் நத்தார் என்கிறார்கள். மறுநாள் காலைத் திருப்பலிக்குச் சென்றபோது பலகையைப் பார்த்தோம். எக்ஸ்மஸ் அப்படியே இருந்தது. அதன் கீழே சுண்ணக்கட்டியால் 'நத்தார்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். முறையிட்ட அந்த மூத்த அன்பர் அதை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.