தாரா: வாவிக்கரையின் வழக்குச் சொல்

மட்டக்களப்பில் வீட்டு வாத்துக்குப் பெயர் தாரா. தாரா முட்டை என்றால் வாவியின் இருகரைகளான எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் விளக்கம் வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து வழக்கும் இதுவே. தமிழகப் பேச்சில் வாத்து நிலைபெற்றுவிட, தாரா அங்கு சில பறவைப் பெயர்களின் ஈற்றில் ஒதுங்கிக்கொண்டது.

சொல்லின் பிறப்பைத் தேடுவோர் ஒலியை மட்டும் நம்பலாகாது. கொக்கட்டிச்சோலை என்ற ஊர்ப்பெயரில் கொக்கைத் தேடுவது வீண். கொக்கட்டி மரத்தால் வந்த பெயர் அது. அவ்வாறே வடமொழியில் விண்மீனைக் குறிக்கும் தாராவையோ, நீர்த்தாரையையோ இப்பறவையோடு முடிச்சுப் போடப் பொருள் இடந்தராது. அயல்மொழிகளே நல்ல சான்று. மலையாளத்தில் தாறாவு, சிங்களத்தில் தாராவா. ரகர றகரம் வேறுபட்டாலும் பொருள் ஒன்றே.

வாத்தின் சுற்றம் வேறு. தெலுங்கில் பாத்து, இந்தியில் பத்தக், போர்த்துக்கீசத்தில் பாத்து. போர்த்துக்கீசர் 1628இல் மட்டக்களப்பின் புளியந்தீவில் கோட்டை எழுப்பினர். அவர்களுடைய சொல் சிங்களத்தில் பாத்தயா என்று பெருவாத்துக்குப் பெயராயிற்று. ஆனால் தாராவா தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. வந்த சொல்லுக்கு முன்பே வேரூன்றியிருந்த பெயர் என்று கொள்ள இது இடந்தருகிறது.

தாரா என்பதன் பொருளை விளக்கப் பாம்புத்தாரா என்னும் பறவை உதவும். இறகு நீரில் ஊறுவதால் அதன் உடல் அமிழ்ந்துவிடும். நீண்ட கழுத்து மட்டும் பாம்புபோல் வெளியே நெளியும். ஈட்டிபோன்ற அலகால் மீனைக் குத்தி, மேலே எறிந்து, தலைப்பக்கமாக விழுங்கும். பின் கம்பொன்றில் ஏறிச் சிறகு விரித்து உலர்த்தும். வாத்துக் குடும்பத்துக்கும் இதற்கும் உறவில்லை. எனினும் விரலிடைத் தோலும் நீந்தும் இயல்பும் உண்டு. பெயரிட்டோர் குலத்தைப் பார்க்கவில்லை, நீரில் அது பிழைக்கும் விதத்தைப் பார்த்தனர். காலூன்றி நின்று இரைதேடும் கொக்கையும் நாரையையும் இவ்வழக்கில் எவரும் தாரா என்பதில்லை.

மாரிக்கு வடதிசையிலிருந்து இலங்கைக்கு வரும் பறவைகளுள் ஒன்றைத் தமிழக நூல்கள் ஊசிவால் வாத்து என்கின்றன. நம் மாணவருக்கான நூல்கள் அதனை ஊசிவால் தாரா என்றே எழுதலாம். வீட்டில் அறிந்த சொல்லாகையால் பிள்ளைகளுக்குப் பறவையும் எளிதில் விளங்கும்.