மாணவன் கைத் தின்பண்டம்

யாருடன் அமர்ந்து யார் உண்ணலாம் என்பதை வைத்தே மனிதனைத் தரம் பிரித்த நாடு இது. ஆகவே இந்நாட்டில் உணவின் வரலாறு அடுப்பங்கரையோடு முடிவதில்லை. அது உரிமையின் வரலாறு, பந்தியில் இடம் கேட்டோரின் வரலாறு. மாணவன் இடைவேளையில் கொறிக்கும் ஒரு பிடிக் கடலைக்கும் அந்த வரலாற்றில் பங்கு உண்டு. “தின்பண்டம்தானே, இதற்கொரு கட்டுரையா!” என்று சிரிப்போர் சிரிக்கட்டும். தண்ணீர்தானே, தெருதானே, தேநீர்தானே என்று சொல்லிச் சொல்லித்தான் நம்மை நெடுங்காலம் வாசலில் நிறுத்தி வைத்தார்கள்.

சூழலைக் கெடுக்காத, அறத்துக்குப் பொருந்திய தின்பண்டம் எது என்ற பேச்சு இன்று பள்ளிகளில் எழுந்திருக்கிறது. எழ வேண்டியதுதான். ஆனால் அறம் என்றதும், ‘எவருடைய அறம்?’ என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். அந்தக் கேள்வியோடு வரலாற்றைப் புரட்டுவோம்.

1920ஆம் ஆண்டு. நீதிக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியை நடத்திய காலம். ஆயிரம் விளக்குப் பள்ளியின் ஏழை மாணவர்க்கு, தலைக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில், பகலில் சிற்றுண்டி கொடுக்க முடிவாயிற்று. பசித்த வயிறு பாடம் கேட்காது என்ற எளிய உண்மையை ஆட்சி ஏற்றுக்கொண்ட முதல் நிகழ்ச்சிகளுள் இது ஒன்று. 1925இல் அன்றைய அரசு அச் செலவை ஒப்பாததால் திட்டம் நின்றது. அதே காலத்தில்தான் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பார்ப்பன மாணவர்க்குத் தனிப் பந்தி விரித்தார்கள். நாட்டுத் தொண்டுக்கென்று பல வகுப்பாரும் பணம் கொடுத்தனர். பந்தி மட்டும் இரண்டு! பெரியாரும் வரதராசுலுவும் எழுப்பிய கண்டனம் நாடெங்கும் முழங்கியது. தனிப் பந்தி விரித்தோர் அதையும் ‘ஆசாரம்’ என்றுதான் சொன்னார்கள். அவர்களுடைய அகராதியில் அதற்குப் பெயர் அறம்.

பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2022 செப்டம்பர் 15ஆம் நாள், அண்ணா பிறந்தநாளில், அரசுத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கான காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கப் பெற்றது. அதே மாதத்தில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகள் தின்பண்டம் வாங்கக் கடைக்குப் போனார்கள். கடையில் பண்டம் இருந்தது. ஆனால் ஊர்க் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, அவர்களுக்கு விற்க மறுத்தார் கடைக்காரர். சிறுவர்கள் திரும்பி நடந்த காட்சியை நாடே பார்த்தது. கடைக்காரர் கைதானார், கடைக்கு முத்திரை வைக்கப்பட்டது. சட்டம் தன் வேலையைச் செய்தது. ஆனால் அந்தப் பிஞ்சு நெஞ்சங்களில் விழுந்த வடுவுக்கு எந்த முத்திரை வைப்பது?

எனவே தின்பண்டத்துக்கு நாம் வைக்கும் முதல் அளவுகோல் இது: எவனுக்கும் மறுக்கப்படாமல் இருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு மறுக்கப்படும் பண்டம், பச்சை இலையில் பொதிந்து வந்தாலும், பழைமைச் சிறப்புப் பெற்றிருந்தாலும் அறப் பண்டம் ஆகாது.

இனி, பண்டம் விளையும் மண்ணுக்கு வருவோம். தஞ்சையிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் உள்ளது கந்தர்வக்கோட்டை. செம்மண் மேட்டு நிலம். அங்கும் அதைச் சுற்றியும் நிலக்கடலையும் முந்திரியும் விளைகின்றன. இவ்விரண்டையும் ‘நம் முன்னோர் கண்ட ஆதி உணவு’ என்று போற்றுவோர் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. நிலக்கடலை தென் அமெரிக்காவில் தோன்றியது. மணிலாக்கொட்டை என்ற பெயரே அது கடல் கடந்து வந்ததற்குச் சான்று. முந்திரியோ பிரேசில் நாட்டு மரம். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்து நட்டது. ஆக, பழையது என்பதாலோ, நம்முடையது என்பதாலோ ஒரு பண்டம் நல்லதாகிவிடுவதில்லை. ஆராய்ந்து பார்த்து நல்லதெனக் கண்டால் கொள்வோம், அதுதான் பகுத்தறிவு.

ஆராய்வோம். நிலக்கடலையின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு புரதம். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரசனை இழுத்து மண்ணுக்கு உரமாக்குகின்றன. கொடி மாட்டுக்குத் தீவனம், பிண்ணாக்கும் தீவனம், தொலி அடுப்புக்கு எரிபொருள். இவ்வளவு கொடுக்கும் கடலையிலும் குற்றம் வரலாம். 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. தீவனத்தில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை விளைத்த நஞ்சே காரணம் என்று அறிவியலார் கண்டனர். அஃப்ளடாக்சின் என்று அந்நஞ்சுக்குப் பெயர். நன்கு காயவைத்து, ஈரம் படாமல் காத்து, பூஞ்சை பிடித்ததைக் கழித்துவிட வேண்டும் என்பது அதிலிருந்து நாம் பெறும் பாடம்.

முந்திரிக்கு வருவோம். கந்தர்வக்கோட்டைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே உள்ள ஆதனக்கோட்டையில், சாலையோரத்தில் பெண்கள் முந்திரிக்கொட்டையை வறுத்து உடைத்து விற்பதை அவ்வழியே செல்வோர் அறிவர். முந்திரி ஓட்டில் தோலை அரித்துப் புண்ணாக்கும் எண்ணெய் இருக்கிறது. வறுக்கும்போது எழும் புகை கண்ணையும் நெஞ்சையும் வாட்டும். வெள்ளை வெளேரென்ற பருப்பு நம் நாவுக்கு. கருத்துப்போன விரல் அந்தத் தாய்க்கு! 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இப்பகுதி முந்திரி மரங்களை வேரோடு சாய்த்தபோது, சாய்ந்தது மரம் மட்டுமல்ல, இவர்களின் வருவாயும்தான். ‘உள்ளூர்ப் பண்டம், ஆகவே தூய பண்டம்’ என்று சொல்லி இவர்களை மறந்துவிட முடியுமா? உடைத்த கைக்குப் பாதுகாப்பும் தக்க கூலியும் கிடைத்ததா என்பது நம் இரண்டாவது அளவுகோல்.

கடல் கடந்த பண்டத்துக்கும் இதே அளவுகோல்தான். சாக்லேட்டுக்கு மூலமான கொக்கோவில் பாதிக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, ஐவரி கோஸ்ட் நாடுகளில் விளைகிறது. அத்தோட்டங்களில் சிறுவரைக் கொடிய முறையில் வேலை வாங்குவதை ஒழிப்போம் என்று 2001இல் பெரும் சாக்லேட் முதலாளிகளின் அமைப்புகள் ஒப்பமிட்டன. குறித்த கெடு போயிற்று. அடுத்த கெடு வந்தது. சிறுவர்களோ இன்னும் தோட்டத்தில்தான். இங்கே ஒரு மாணவன் சுவைக்க, அங்கே ஒரு மாணவன் பள்ளியை இழப்பது என்ன நீதி?

மூன்றாவது அளவுகோல், தின்ற பிறகு மண்ணில் மிஞ்சுவது என்ன என்பது. கடையில் சரம் சரமாகத் தொங்கும் பளபளப்புப் பொட்டலத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டிய உறை அது. பிரித்தெடுப்பது அரிது, மறுபடி பயன்படுத்துவதும் அரிது. உள்ளிருக்கும் பண்டத்தைத் தின்று முடிக்க ஐந்து நிமிடம். உறையோ பேரன் காலத்திலும் வாய்க்காலில் கிடக்கும். ஒரு முறை மட்டும் பயன்படும் பல பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்தது. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி வகுத்தது. ஏட்டில் விதி இருக்கிறது. எதிர்க் கடையில் பொட்டலம் தொங்குகிறது!

இதற்காக ஐந்து ரூபாயோடு நிற்கும் பிள்ளையைக் குறை சொல்வது கோழைத்தனம். அவன் முன்னே வேறென்ன வைத்தோம்? செம்மண்ணில் கடலை விளைகிறது. பள்ளி வாசலிலோ தொலைதூர ஆலையின் பொட்டலம் விற்கிறது. விளைந்ததற்கும் விற்பதற்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தைக் குறைப்பதே தொண்டர்களின் பணி.

செய்யக்கூடியது எளிது. ஊர்தோறும் மகளிர் குழுக்கள் இருக்கின்றன. அவித்த கடலை, வெல்லம் சேர்த்த கடலை உருண்டை, சுண்டல், பருவத்தில் கொய்யா ஆகியவற்றை அவர்கள் பள்ளி வாசலில் அதே ஐந்து ரூபாய்க்கு விற்க வழி செய்யலாம். பொதிவதற்கு இலை போதும். அச்சு மை படிந்த செய்தித்தாள் வேண்டாம். முந்திரி உடைக்கும் பெண்களுக்குக் கையுறையும் புகைபோக்கி உள்ள அடுப்பும் கேட்டுக் குரல் எழுப்பலாம். எந்தக் கடையிலாவது எந்தப் பிள்ளைக்காவது மறுப்பு நேர்ந்தால், அன்றே அங்கே போய் நிற்கலாம்.

யாருக்கு மறுத்தார்கள்? யார் கை நொந்தது? மண்ணில் எது மிஞ்சியது? இம்மூன்றையும் கேட்கக் கற்ற மாணவன், நாளை தன் ஊரையும் நாட்டையும் பார்த்து இதே கேள்விகளைக் கேட்பான். அப்படிக் கேட்கும் தலைமுறைக்காகத்தான் 1920இல் ஓரணா செலவழிக்கத் துணிந்தார்கள்.