வட்டுக்கோட்டைக் குருமடமும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வி வரலாற்றில் கிறித்தவக் கல்லூரிகளின் பங்களிப்பு பெரும்பாலும் அச்சு, அகராதி, உரைநடை ஆகியவற்றோடு இணைத்தே பேசப்படுகிறது. அக்கல்லூரிகளின் மாணவர் பெற்ற தேர்வுச் சிறப்புகள் வாழ்க்கை வரலாறுகளில் ஒரு வரிச் செய்தியாக நின்றுவிடுகின்றன. அவ்வாறு நின்றுவிட்ட செய்திகளுள் ஒன்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக் குருமடத்தில் பயின்றோர் என்பது. அச்செய்தியின் பொருளை இக்கட்டுரை ஆராய்கிறது.

குருமடத்தின் கல்வி

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டேனியல் பூவர் 1823இல் வட்டுக்கோட்டைக் குருமடத்தைத் தொடங்கினார். ஆங்கிலம், கணிதம், வானியல், தத்துவம் ஆகியவற்றோடு தமிழ் இலக்கிய இலக்கணமும் அங்குப் பாடமாயின. மேலைக் கணிதமும் நன்னூலும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்பட்டமை அக்காலத்து அரிய நிகழ்வாகும். இலங்கையில் உயர் பதவி வகித்த எமர்சன் டெனன்ட், இதன் பாடத்திட்டம் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத்தக்கது என்று 1850இல் வெளிவந்த தம் நூலில் மதிப்பிட்டார்.

ஆயினும் 1855இல் குருமடம் மூடப்பட்டது. ஆங்கில உயர்கல்வி மாணவரை அரசுப் பணிக்கே இட்டுச் செல்கிறது. சமயப் பணிக்கு அது போதிய பயன் தரவில்லை. தாய்மொழிவழிக் கல்வியே அப்பணிக்கு ஏற்றது என்பன அமெரிக்கத் தலைமையின் கருத்துகள். கல்வியின் தரத்தில் குறை கண்டு எடுக்கப்பட்ட முடிவன்று அது. கல்வியின் நோக்கம் குறித்த முடிவு.

முதல் தேர்வு

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5ஆம் நாள் சட்டவழி நிறுவப்பெற்றது. அதன் முதல் பி.ஏ. தேர்வில் வெற்றி பெற்றோர் இருவர். ஒருவர் சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832-1901), மற்றவர் அவருக்கு மூத்தவரான கறோல் விசுவநாதபிள்ளை. முதலிடம் தாமோதரம்பிள்ளைக்குக் கிடைத்தது. குருமடத்தில் கணிதம் கற்பித்த விசுவநாதபிள்ளை, இயற்கணிதத்தைத் தமிழில் விளக்கும் 'வீசகணிதம்' என்னும் நூலை அதற்கு முன்னரே எழுதியிருந்தார்.

பயனற்றது எனக் கருதி மூடப்பட்ட ஒரு நிறுவனத்தின் மாணவர், கடல் கடந்து வந்து புதிய பல்கலைக்கழகத்தின் முதல் இரு இடங்களையும் பெற்றனர். அவ்விருவரும் பின்னர்ச் சைவ சமயத்திற்கே திரும்பினர். மிஷன் தலைமையின் ஐயம் அதன் நோக்கில் பிழையானதன்று என்பதற்கும், அதே கல்வி கல்வி என்ற முறையில் முழு வெற்றி பெற்றது என்பதற்கும் இவர்கள் ஒருசேரச் சான்றாகின்றனர்.

பட்டத்திற்கு அப்பால்

தேர்வுச் சிறப்பு தாமோதரம்பிள்ளைக்கு அரசுப் பணியையும், சட்டப் பட்டத்திற்குப் பின் கும்பகோணத்தில் வழக்கறிஞர் தொழிலையும், புதுக்கோட்டையில் நீதிபதிப் பதவியையும் அளித்தது. 1895இல் ராவ் பகதூர் பட்டமும் வந்தது. ஆயின் தமிழுலகம் அவரை நினைவிற் கொள்வது இவற்றால் அன்று. ஆறுமுக நாவலர் பரிசோதித்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தை அவர் 1868இல் வெளியிட்டார். வீரசோழியம் (1881), இறையனார் அகப்பொருள் (1883), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) ஆகியன தொடர்ந்தன. எட்டுத்தொகை நூல்களுள் முதலில் அச்சேறியது கலித்தொகையே.

சிதைந்த ஏடுகளைப் பல இடங்களிலிருந்து திரட்டுதல், அவற்றை ஒப்பிட்டுப் பாடம் துணிதல், பதிப்புரையில் ஐயங்களை வெளிப்படையாகக் கூறுதல் ஆகியவை அவர் பணியின் இயல்புகள். வீரசோழியப் பதிப்புரையில் தமிழிலக்கிய வரலாற்றை அபோத காலம் முதல் ஆதீன காலம் வரை எட்டாகப் பகுத்தார். அப்பகுப்பு இன்று ஏற்கப்படவில்லை எனினும், இலக்கியத்தைக் கால வரிசையில் வைத்து நோக்கும் முயற்சி அதில் உள்ளது. மரபுப் புலமையும் புதிய கல்வியும் ஒருவரிடத்தே இணைந்ததன் பயன் இது.

இம்மரபு அவரோடு நின்றுவிடவில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று 1892இல் பி.ஏ. தேர்வில் தமிழிலும் தத்துவத்திலும் முதலிடம் பெற்ற வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியாரின் புலமையைக் கண்டு 'திராவிட சாஸ்திரி' எனப் பாராட்டியவர் தாமோதரம்பிள்ளையே. முதற் பட்டதாரி, தம் அடுத்த தலைமுறை மாணவருக்கு அளித்த சிறப்பாக அதனைக் கொள்ளலாம்.

முடிவுரை

குருமடம் மூடப்பட்டுப் பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 1872இல், அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. அதனை வேண்டி முயன்றோருள் குருமடத்தின் பழைய மாணவரும் இருந்தனர். ஒரு கல்லூரியின் தேர்வு வெற்றி, அதன் மாணவர் பின்னர் ஆற்றிய பணியோடு சேர்த்து நோக்கும்போதே வரலாற்றுப் பொருள் பெறுகிறது. வட்டுக்கோட்டை மாணவரைப் பொறுத்தவரை அப்பொருளைத் தொல்காப்பியப் பதிப்பிலும் கலித்தொகைப் பதிப்பிலும் காணலாம்.