எத்தியோப்பியக் காபிப் பெயர்கள்: வணிகக்குறிப் பதிவும் ராஜதந்திரமும்

வணிகக்குறி உரிமை நாட்டெல்லையோடு நின்றுவிடும். அயல்நாட்டுச் சந்தையில் ஒரு பெயரைக் காக்க வேண்டுமானால் அங்கேயே பதிய வேண்டும்; எதிர்ப்பு வந்தால் அங்கேயே வாதாட வேண்டும். இதற்குப் பணபலம் இல்லாத அரசுகள் ராஜதந்திரத்தை நாடுகின்றன. ஆனால், சட்டக் கோரிக்கை ஒன்று கையில் இல்லாத ராஜதந்திரம் வெறும் வேண்டுகோளாகவே முடியும் என்பதை எத்தியோப்பியாவின் அனுபவம் காட்டுகிறது.

2005இல் எத்தியோப்பிய அரசு ஹரார், சிடாமோ, யிர்கசெஃபே ஆகிய மூன்று காபிப் பெயர்களுக்கு அமெரிக்காவில் வணிகக்குறி கோரி விண்ணப்பித்தது. யிர்கசெஃபே மட்டும் 2006இல் பதிவாயிற்று. மற்ற இரண்டும் காபி வகையைச் சுட்டும் பொதுப்பெயர்களாகிவிட்டன என்று அமெரிக்கத் தேசியக் காபிச் சங்கம் எதிர்க்க, பதிவு அலுவலகம் அவற்றை முதலில் மறுத்தது. சிடாமோவுக்கு இன்னொரு தடையும் இருந்தது: அப்பெயர் இடம்பெற்ற ‘ஷிர்கினா சன்-டிரைடு சிடாமோ’ என்ற குறிக்கு ஸ்டார்பக்ஸ் நிறுவனம் முன்னரே விண்ணப்பித்திருந்தது. பின்னர் அந்நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது.

ஊர்ப்பெயர்களுக்கு வணிகக்குறி எதற்கு, புவிசார் குறியீடோ சான்றுக்குறியோ போதுமே என்பது எதிர்த்தரப்பு வாதம். இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஊர்ப்பெயருக்கு அதுவே வழக்கமான வழி. ஆயினும் சான்றுக்குறிக்கு உற்பத்தியிடத்தைத் தொடர்ந்து சோதித்துச் சான்றளிக்கும் அமைப்பு தேவை. சிதறிக் கிடக்கும் துண்டு நிலங்களில் இலட்சக்கணக்கான சிறு விவசாயிகள் விளைவிக்கும் காபிக்கு அச்செலவு கட்டுப்படியாகாது. மேலும், தகுதியுள்ள எவருக்கும் சான்றுக்குறியை மறுக்க முடியாது. வணிகக்குறியிலோ யாருக்கு, எந்த நிபந்தனையில் உரிமம் தருவது என்பதை உரிமையாளரே முடிவு செய்கிறார். எத்தியோப்பியா நாடியது இந்தப் பேரவலிமையையே.

ஸ்டார்பக்ஸ் எத்தியோப்பியாவின் பெயருரிமையை ஏற்க வேண்டும் என்று 2006 அக்டோபரில் ஆக்ஸ்ஃபாம் அமைப்பு நுகர்வோரைத் திரட்டிப் பரப்புரை தொடங்கியது. அடுத்த மாதமே ஸ்டார்பக்ஸ் தலைமை நிர்வாகி ஜிம் டொனால்டு அடிஸ் அபாபா சென்று பிரதமர் மெலஸ் செனாவியைச் சந்தித்தார். 2007 ஜூனில் உரிம ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்போது மூன்றில் இரு பெயர்கள் அமெரிக்காவில் பதிவாகியிருக்கவில்லை. அவை பதிவானது 2008இல்தான். பதிவேடு ஏற்பதற்கு முன்பே பெரும் வாங்குநர் ஏற்றுக்கொண்டார் என்பதே இங்கு கருதத்தக்கது. பரப்புரையின் அழுத்தம் இதற்குக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அழுத்தத்துக்கு இலக்கைத் தந்தது விண்ணப்பமே. உரிமத் தொகை கேட்காமல், பெயரை ஏற்று விளம்பரப்படுத்தினால் போதும் என்று எத்தியோப்பியா வைத்த நிபந்தனை எதிர்த்தரப்புக்கு இணங்கும் வழியையும் திறந்துவிட்டது.

இவ்வெற்றிக்கு வரம்பும் உண்டு. உரிமத் தொகை இல்லாததால் பெயரின் பயன் ஏற்றுமதி விலை வழியாக மட்டுமே விவசாயியை எட்ட முடியும். 2008இல் தொடங்கிய எத்தியோப்பியச் சரக்குச் சந்தையில் பல தோட்டங்களின் காபி தர வாரியாகக் கலக்கப்பட்டதால், எந்தத் தோட்டத்துக் காபி என்று தடம் காண்பது கடினமாயிற்று. வெளிநாட்டில் வென்ற பெயருக்கு விலை கிடைக்க வேண்டுமானால், வணிகக்குறிக் கொள்கையும் உள்நாட்டுக் கொள்முதல் முறையும் சேர்த்தே வகுக்கப்பட வேண்டும்.