அமைதிப்படை போனதும் திரும்பியதும்

சுதந்திர இந்தியா வெளிநாட்டுக்கு அனுப்பிய படைகளில் அதிக உயிர்களை இழந்தவற்றுள் ஒன்று இலங்கைக்குப் போன அமைதிப்படை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தமிழகத்துக்கு அகதிகள் வந்து குவிந்தனர். மண்டபத்தில் தொடங்கிய முகாம்கள் உள்மாவட்டங்களுக்கும் பரவின. விருதுநகர் மாவட்டத்தில் குல்லூர்சந்தையிலும் ஒரு முகாம் வந்தது. ஈழப் பிரச்சினை இங்கே வெளிநாட்டு விவகாரமாக இருந்ததே இல்லை.

1987 மே மாதம் இலங்கை ராணுவம் வடமராட்சியில் பெரும் தாக்குதலில் இறங்கியது. ஜூன் 3 அன்று நிவாரணப் பொருட்களுடன் சென்ற இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாளே இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மீது உணவுப் பொட்டலங்களைப் போட்டன. ஜூலை 29 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனேயும் கொழும்பில் ஒப்பந்தம் செய்துகொண்டனர். மறுநாள் அணிவகுப்பு மரியாதையின்போது இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவைத் தாக்கினார்.

ஒப்பந்தத்தின் ஓட்டை அதன் அடியிலேயே இருந்தது. கையெழுத்திட்டவை இரண்டு அரசுகள். ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டியவர்களோ விடுதலைப் புலிகள். அவர்கள் மறுத்தால் என்ன செய்வது என்பதற்கு, ஒப்பந்தத்தை நிறைவேற்றப் போன அமைதிப்படையிடம் தெளிவான திட்டம் இல்லை. செப்டம்பர் 26 அன்று நல்லூரில் உண்ணாவிரதமிருந்த புலிகளின் திலீபன் இறந்தார். அக்டோபர் 5 அன்று, பிடிபட்டுக் கொழும்புக்குக் கொண்டுசெல்லப்படவிருந்த குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்டோர் சயனைடு தின்று மாண்டனர். பஞ்சாயத்து பேசப் போனவர்களே வழக்கில் ஒரு கட்சியாகிப்போனார்கள்.

அக்டோபர் 10 அன்று சண்டை மூண்டது. 11ஆம் தேதி நள்ளிரவில் ஹெலிகாப்டர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் வீரர்களை இறக்கின. புலிகள் தயாராகக் காத்திருந்தனர். இறங்கிய சீக்கியக் காலாட்படையினர் 30 பேரில் 29 பேர் மாண்டனர். 21ஆம் தேதி யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் படை சுட்டதில் மருத்துவர்களும் செவிலியரும் நோயாளிகளும் இறந்தனர். மாலை போட்டு வரவேற்ற மக்கள் அதன் பிறகு அந்தப் படையைக் காப்பாளராகப் பார்க்கவில்லை.

1989 ஜூனில் இலங்கையின் புதிய அதிபர் பிரேமதாசா படையை வெளியேறச் சொன்னார். அவரது அரசு புலிகளுக்கே ஆயுதமும் கொடுத்தது. வி.பி.சிங் ஆட்சியில், 1990 மார்ச் 24 அன்று கடைசிக் கப்பல் திருகோணமலையிலிருந்து புறப்பட்டது. மாண்ட இந்திய வீரர்கள் ஆயிரத்துக்கும் மேல். சென்னையில் நடந்த வரவேற்புக்கு முதல்வர் கருணாநிதி செல்லவில்லை.

இடையில் 1988 நவம்பரில் மாலத்தீவில் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி நடந்தது. அதிபர் கயூம் கேட்டதும் இந்திய வான்குடைப் படை இறங்கிச் சில மணி நேரத்தில் அதை முறியடித்தது. அழைத்தவர் யார், எதிரி யார், வேலை எப்போது முடியும் என்ற மூன்றும் அங்கே தெளிவாக இருந்தன.

1991இல் ராஜீவ் கொல்லப்பட்ட பின் டெல்லி இலங்கை விவகாரத்திலிருந்து ஒதுங்கியது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு புலிகளிடம் வீழ்ந்து கொழும்பு உதவி கேட்டபோது, ராணுவத் தலையீடு இல்லை என்றது வாஜ்பாய் அரசு. 2003 ஜூலையில், ஈராக்குக்குப் படை அனுப்பும்படி அமெரிக்கா கேட்டதையும் அதே அரசு மறுத்தது. ஒதுங்கலுக்கும் விலை உண்டு: 2009இல் முள்ளிவாய்க்காலில் மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்தபோது டெல்லியால் போரை நிறுத்த முடியவில்லை. 1987இல் தவறியது தலையிட்டதில் அல்ல. துப்பாக்கி வைத்திருந்தவர்களின் சம்மதம் இல்லாமல் போனதில்.