மின்னஞ்சல் பெறும் நெறிமுறைகள்

சர்வரில் வந்து சேர்ந்த மின்னஞ்சலைப் பயனரின் கணினிக்கோ கைபேசிக்கோ கொண்டுவருவதற்கான விதிமுறைகள். பாப்3, ஐமேப் இரண்டும் பரவலாகப் புழங்குபவை. அஞ்சலை அனுப்புவதும் சர்வருக்குச் சர்வர் கடத்துவதும் எஸ்எம்டிபியின் பொறுப்பு. அஞ்சல் பெட்டியில் விழுந்த பிறகே இவற்றுக்கு வேலை. அஞ்சலின் மூலப்படி யாரிடம் இருக்க வேண்டும் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

பாப் நெறிமுறையின் முதல் வடிவம் 1984இல் வெளியானது. மூன்றாம் பதிப்பான பாப்3 1988இல் வந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 1996இல் திருத்தப்பட்ட வடிவம். இணைப்பு எப்போதும் இருக்காது என்ற நிலைக்கு ஏற்ப அமைந்தது இது: இணை, இறக்கு, துண்டி. 110ஆம் போர்ட்டில் இணைந்ததும் சர்வர் ‘+ஓகே’ என்கிறது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தபின், ‘ஸ்டாட்’ என்று கேட்டால் எத்தனை அஞ்சல், மொத்தம் எத்தனை பைட் என்று சொல்லும். ‘ரெட்ர் 1’ என்றால் முதல் அஞ்சலை முழுதாக அனுப்பி, கடைசியில் தனி வரியில் ஒற்றைப் புள்ளி வைக்கும். ‘டெலி 1’ என்ற கட்டளை உடனே எதையும் அழிப்பதில்லை, குறித்துக்கொள்கிறது. ‘க்விட்’ வந்த பிறகே அழிப்பு நடக்கிறது. நடுவில் இணைப்பு அறுந்தால் எல்லா அஞ்சலும் அப்படியே இருக்கும். அஞ்சலை இழப்பதைவிட இரண்டு முறை பெறுவது மேல் என்ற இந்த எச்சரிக்கை நியாயமானதே. ஒரே அஞ்சல் மறுபடி இறங்காமல் தடுக்க, ஒவ்வொன்றுக்கும் நிலையான அடையாளம் தரும் ‘யூஐடிஎல்’ கட்டளை உதவுகிறது.

கோப்புறைகள் பாப்3க்குத் தெரியாது. எதைப் படித்தோம் என்பதும் இறக்கிய கணினிக்கு மட்டுமே தெரியும்.

1986இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கிய ஐமேப், மூலப்படியைச் சர்வரிலேயே வைக்கிறது. படித்தது, பதிலளித்தது போன்ற குறிகளும் அங்கேயே இருப்பதால் கைபேசியில் படித்த அஞ்சல் மடிக்கணினியிலும் படித்ததாகவே தெரியும். பெரிய இணைப்புக் கோப்பைத் தொடாமல் தலைப்பையோ உரையையோ மட்டும் கேட்கலாம். ஒவ்வொரு கட்டளைக்கும் ‘ஏ1’, ‘ஏ2’ என ஓர் அடையாளம் உண்டு. பதிலும் அதே அடையாளத்தோடு வருவதால், முந்தைய பதிலுக்குக் காத்திராமல் அடுத்ததை அனுப்ப முடிகிறது. இங்கும் அழிப்பது இரண்டு படி: முதலில் குறி, பிறகு ‘எக்ஸ்பஞ்ச்’. ஒரு கருவியில் அழித்தது எல்லாக் கருவிகளிலும் மறையும் என்பதால், ஐமேப் ஒத்திசைவைக் காப்புநகல் என்று நம்பக் கூடாது.

1997இல் வந்த ‘ஐடில்’ வசதியால், புது அஞ்சல் வந்தவுடன் சர்வரே தகவல் சொல்கிறது. 30 நிமிடம் சும்மா இருக்கும் இணைப்பைச் சர்வர் துண்டித்துவிடக்கூடும் என்பதால், 29 நிமிடத்துக்கு ஒருமுறையாவது அஞ்சல் செயலி ‘ஐடில்’ கட்டளையைப் புதுப்பிக்க வேண்டும்.

இரண்டுமே முதலில் மறையாக்கம் இன்றி இயங்கியவை. இன்று டிஎல்எஸ் பாதுகாப்போடு பாப்3 995ஆம் போர்ட்டையும் ஐமேப் 993ஆம் போர்ட்டையும் பயன்படுத்துகின்றன. ஐமேப் விதிகள் 2021இல் மீண்டும் திருத்தப்பட்டன. அதற்கு முன்பே, 2019இல், வலைத்தொழில்நுட்பத்தை ஒட்டி ஜேமேப் என்ற மாற்று நெறிமுறையும் வெளியாகிவிட்டது.