மடக்கைச் சமன்பாடுகளின் தீர்வில் மறைந்துள்ள இரு வரலாற்று முடிவுகள்

முன்னுரை

மடக்கை அமைந்த ஒருங்கமை சமன்பாடுகளைத் தீர்க்கும் மாணவர் இரண்டு விதிகளைக் கையாளுகின்றனர். மடக்கைகளின் கூடுதலைப் பெருக்கற்பலனின் மடக்கையாக மாற்றுதல் ஒன்று; குறை எண்ணாக வரும் தீர்வை விலக்குதல் மற்றொன்று. இவை மடக்கையுடன் பிறந்த விதிகள் அல்ல, பின்னர் எட்டப்பட்ட முடிவுகள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பழைய கணக்கும் புதிய வடிவமும்

அ – ஆ = 90, மடக்கை அ + மடக்கை ஆ = 3 எனக் கொள்வோம். அடிமானம் 10 ஆதலின் அ × ஆ = 1000 ஆகிறது. வேறுபாடும் பெருக்கற்பலனும் அறிந்து இரு எண்களைக் காணும் இக்கணக்கு, பழைய பாபிலோனியக் களிமண் பலகைகளில் நீளம், அகலம், பரப்பு என்னும் வடிவில் காணப்படுவதாகும். அம்முறைப்படி வேறுபாட்டின் பாதியாகிய 45இன் வர்க்கம் 2025. அதனுடன் 1000 கூட்ட 3025. அதன் வர்க்கமூலம் 55. ஆகவே எண்கள் 55 + 45 = 100, 55 – 45 = 10.

முதல் முடிவு: ஒன்றின் மடக்கை

ஜான் நேப்பியர் 1614இல் வெளியிட்ட அட்டவணையில் 1,00,00,000 என்னும் எண்ணுக்கே மடக்கை சுழியம். ஒன்றின் மடக்கை சுழியம் அன்று. எனவே இரு மடக்கைகளைக் கூட்டியபின் ஒன்றின் மடக்கையைக் கழித்தால்தான் பெருக்கற்பலனின் மடக்கை கிடைக்கும். இலண்டன் கிரெசாம் கல்லூரிப் பேராசிரியர் ஹென்றி பிரிக்ஸ் 1615இல் எடின்பரோ சென்று நேப்பியரைச் சந்தித்தார். பத்தை அடிப்படையாகக் கொண்ட மடக்கைக்குப் பிரிக்ஸின் பெயரே வழங்குகிறது. எனினும், ஒன்றின் மடக்கையைச் சுழியமாக்கும் கருத்தை முன்வைத்தவர் நேப்பியரே என்று பிரிக்ஸ் தம் 1624ஆம் ஆண்டு நூலில் பதிவு செய்துள்ளார்.

இரண்டாம் முடிவு: குறை எண்ணின் மடக்கை

மேற்கண்ட கணக்கில் அ = –10, ஆ = –100 என்பவையும் வேறுபாடு 90, பெருக்கற்பலன் 1000 என்னும் நிபந்தனைகளை நிறைவு செய்கின்றன. மாணவர் இவற்றை விலக்குவர். ஆனால் 1712–13இல் லைப்னிட்சுடன் நிகழ்ந்த கடித விவாதத்தில் யோகான் பெர்னூலி, குறை எண்ணுக்கும் அதன் மிகை எண்ணுக்கும் மடக்கை ஒன்றே என வாதிட்டார். அக்கொள்கையை ஏற்பின் 1 + 2 = 3 ஆகி, இவ்விணையும் தீர்வாகிவிடும். லைப்னிட்ஸ் அதனை மறுத்தார். 1751இல் வெளிவந்த கட்டுரையில் ஆய்லர், குறை எண்ணுக்கு எண்ணற்ற மடக்கைகள் உண்டு எனவும், அவை யாவும் கற்பனைப் பகுதி கொண்டவை எனவும் நிறுவி விவாதத்தைத் தீர்த்தார். பள்ளிக் கணிதம் மெய்யெண் மடக்கையை மட்டும் கொள்வதால் அவ்விணை விலக்கப்படுகிறது.

முடிவுரை

தேர்வுத்தாளில் இரண்டு வரிகளில் முடியும் இத்தீர்வு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட சிந்தனையின் விளைவாகும். ‘குறை எண்ணை விலக்குக’ என்னும் கட்டளையை மட்டும் பெறும் மாணவர் அதனை மறந்துவிடக்கூடும். பெர்னூலி போன்ற அறிஞரே மாறுபட்ட இடம் அது என்று அறிபவர், விலக்குவதற்கான காரணத்தையும் கேட்பர். பாடநூல்கள் விதியுடன் அதன் வரலாற்றையும் சேர்த்துத் தருதல் வேண்டும்.